மலைச்சரிவில் ஒரு பண்ணை வீடு

ஐதராபாத் சனத்நகர்த் தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, பணி ஓய்வுக்குப் பின் ஏற்காட்டிலோ குன்னூரிலோ ஒரு பண்ணை வீடு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். கண்ணாடிச் சுவர், அகன்ற முற்றம், கீழே விரியும் பள்ளத்தாக்கு எனப் படங்களுடன் எங்கள் கிளைக்கு வருகின்றனர். நாங்கள் முதலில் கேட்பவை இரண்டு கேள்விகளே. அந்தச் சரிவில் மழைநீர் எவ்வழியே இறங்குகிறது? நிலத்தின் ஆவணங்கள் என்ன கூறுகின்றன?

முதற்கேள்வி உயிர் தொடர்பானது. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில், சரிந்த மண்ணும் பாறையும் ஏழு உயிர்களைப் பறித்தன. ஆகவே, மனையை வாங்குமுன் மழைக்காலத்தில் ஒருமுறை சென்று பார்ப்பது நன்று. நீர் இறங்கும் ஓடையின் வழியிலும், மிகச் செங்குத்தான சரிவிலும், அண்மையில் மண் கொட்டி நிரவிய இடத்திலும் வீடு எழுப்புதல் கூடாது.

வடிவமைப்பு நிலத்தை அளப்பதில் தொடங்குகிறது. ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவை எடுத்துக்கொள்வோம். பத்து மீட்டர் நீளமுள்ள வீட்டைச் சரிவின் போக்கிலேயே வைத்தால், இரு முனைகளுக்கும் இடையே இரண்டு மீட்டர் உயர வேறுபாடு ஏற்படும். அதே வீட்டைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, அகலத்தை ஐந்து மீட்டராகக் கொண்டால், வேறுபாடு ஒரு மீட்டரே. கூடத்தையும் படுக்கையறையையும் இரு தளங்களாகப் பிரித்து, இடையில் ஏழு படிகள் அமைத்தால் போதும். வெட்டும் மண் குறையும், செலவும் குறையும்.

மண்ணை வெட்டியே தீர வேண்டிய இடத்தில் தாங்குசுவர் தேவை. நீரை உறிஞ்சிய மண் கனத்துச் சுவரைத் தள்ளும். ஆதலின், சுவரின் பின்புறம் சல்லி நிரப்பி, நீர் வெளியேறத் துளைகள் விட வேண்டும். கூரைநீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் நீர் சேரும். அதைத் தொட்டியில் சேமித்து, மிகுந்ததை வடிகால் வழியே விடாவிடில், அது வீட்டின் அடித்தளத்தையே அரிக்கும்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பாறைச் சரிவொன்றில் தமக்கென அமைத்த ‘ஹேம்லெட்’ இல்லம் இதற்குச் சிறந்த சான்று. குன்றைச் சமன் செய்யாது, அதன் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே அறைகள் அமைந்தன. தற்கால வீட்டுக்கும் அந்நெறி பொருந்தும். கண்ணாடிச் சன்னல்களைப் பள்ளத்தாக்கு நோக்கி வைக்கலாம். மேட்டுப் பக்கம் உறுதியான சுவரும் வடிகாலும் இருத்தல் வேண்டும்.

இரண்டாம் கேள்வி பணம் தொடர்பானது. தமிழ்நாட்டில் 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வரும் சிற்றூர்களில் கட்டடம் எழுப்ப, அதற்குரிய அனுமதி தேவை. நீலகிரியில் கட்டட உயரத்துக்கும் 7 மீட்டர் வரம்பு உண்டு. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 பொருந்தும் இடங்களில் மரம் வெட்டவும் முன்அனுமதி வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்றிதழ், புல வரைபடம் ஆகியவற்றை முன்பணம் கொடுக்குமுன் வழக்கறிஞரிடம் காட்டுதல் நலம். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தின் மீதான பிணையத்துக்குப் பொருந்தாது. ஆதலால், வீட்டுக் கடனுக்கு முன் நில வகை மாற்றம் செய்யப்பட்டுள்ளதா என்பதை வங்கிகள் பொதுவாகக் கேட்கின்றன.

பொறியாளரின் மதிப்பீட்டில் தாங்குசுவர், வடிகால், அணுகுசாலை, மலைமேல் பொருள் ஏற்றும் கூலி ஆகியவை தனித்தனியே இடம்பெற வேண்டும். கடன்தொகை கட்டுமானம் வளர வளரப் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்படுகிறது. விடுபட்ட செலவுகள் நடுவில் தலைகாட்டினால், ஓய்வுக்கால வைப்புத்தொகையில் கைவைக்க நேரும். கூரை ஏறாமலே வேலை நின்றுபோவதும் உண்டு.

அழகிய படத்துடன் வரும் வாடிக்கையாளர், மழைக்காலத்தில் பார்த்த நிலத்தின் வரைபடத்தையும் உடன் கொண்டுவருவாராயின், எங்கள் பணியும் எளிதாகும். அவர் வாழ்நாள் சேமிப்பும் உறுதியான தரையில் நிற்கும்.