மிச்சமாகும் நேரம் யாருக்கு?

ஐ.டி. துறையினரிடம் நேர நிர்வாகம் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் ‘பொமோடோரோ’ முறையைச் சொல்வார்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்ததும் கொஞ்சம் நீண்ட ஓய்வு. 1980களின் பிற்பகுதியில் இத்தாலிய மாணவர் பிரான்செஸ்கோ சிரில்லோ இதை உருவாக்கியபோது கையில் வைத்திருந்தது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம். ஆனால் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு அவ்வளவு எளிதல்ல. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றையே பாருங்கள்.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கிறது ஆமத்தூர். பயர் ஆபீஸ் என்று சொல்லப்படும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் ஆள் வேலைக்குப் போகும் வட்டாரம். ஏஏஏ பொறியியல் கல்லூரி இருப்பதும் இங்கேதான். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகள் பலர் மடிக்கணினியோடு இப்படிப்பட்ட ஊர்களுக்குத் திரும்பினார்கள். ஆபீஸ் வீட்டுக்குள் வந்தது. அடுப்படியும் அதே வீட்டில்தான் இருந்தது.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, அங்கே குளிர்காலமானால் 7.30. அவர்கள் மீட்டிங்கைத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் சட்னிக்கு மிக்ஸி ஓடும், இட்லிக்கு அடுப்பு எரியும். வேலை பார்ப்பவர் மகன் என்றால் வீடே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். மகளோ மருமகளோ என்றால், “மீட்டிங் முடிச்சிட்டு வந்து சட்னிய அரைச்சிரும்மா” என்று குரல் வரும். என் ஆதங்கம் இதுதான்.

கருவிகளுக்குக் குறைவில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தையும் மாணவர்களுக்கான மடிக்கணினித் திட்டத்தையும் ஒரே நாளில் தொடங்கியது. அம்மிக்கும் ஆட்டுரலுக்கும் போன உழைப்பு குறைந்தது. ஆனால் மிச்சமான நேரம் வேறு வீட்டு வேலைகளில் கரைந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபட்ட ஆண்களே நான்கில் ஒரு பங்குதான்.

ஆகவே நேர அட்டவணையைச் செல்போன் செயலியில் போடுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசிப் போடுங்கள். ஞாயிறு மாவு ஆட்டுவது யார், வார நாளில் காய் நறுக்குவது யார் என்று பெயர் எழுதுங்கள். குக்கரில் அரிசி வைத்து விசில் எண்ணி இறக்க ஆணுக்கும் தெரியவேண்டும். மீட்டிங் நேரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் சட்னியை முன்கூட்டியே அரைத்துவிடலாம்.

அப்படி மீளும் ஒரு 25 நிமிடத்தில் என்ன செய்யலாம்? எழுதலாம். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். நாளும் கொஞ்சம் பழகினால் விரல்களுக்குப் படிந்துவிடும். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி, சிதறிக் கிடந்த வலைப்பதிவுகளை ஓரிடத்தில் காட்டி ஏராளமானோரை எழுதவைத்தது. இன்று செல்போனிலேயே வலைப்பதிவு தொடங்கலாம், காசு தேவையில்லை.

பயர் ஆபீஸில் உழைத்து மகளை இன்ஜினீயராக்கிய தாயின் அனுபவத்தை, அந்த மகளைவிட நன்றாக எழுத யாரால் முடியும்? அதற்கான நேரத்தை அவளுக்குக் கொடுப்பது வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் பொறுப்பு.