அம்மாவின் நாலு மணி, என் ஐந்தே கால்

பொள்ளாச்சியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்கட்டில் ஆட்டுக்கல் பதிந்திருந்தது. 1988, 89 வாக்கில் அம்மா அதன் முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்றரை மணி நேரமாகும். வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொள்வார். வலது கை குழவியைச் சுற்றும், இடது கை மாவைத் தள்ளிக் குழிக்குள் விடும். முதலில் உளுந்து. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்ட, அது வெண்ணெய் மாதிரி பொங்கி வரும். பிறகு அரிசி. அரிசி விழுந்ததும் கல்லின் சத்தமே கரகரவென்று மாறிவிடும். எதிரில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பது என் வேலை. குழவி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். நான் தப்பாகச் சொன்னால் மட்டும் நிற்கும்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஆட்டிய மாவு இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, வெயில் காலத்தில் ஒரே நாளில் புளித்துவிடும். அதனால் வாரத்துக்கு மூன்று தடவை அந்தக் கல். அம்மா ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு பஸ் இறங்கி வந்து, முகம் கழுவி, காபி குடித்த கையோடு உட்கார்வதுதான் ஆட்டுக்கல்.

காலையில் அவர் எழுவது நாலு மணிக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தெருக்குழாயில் நாலரைக்குத் தண்ணீர் வரும். அண்டா, குண்டா, குடம் எல்லாம் நிரம்பி முடியும்போது விடிந்திருக்கும். காஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. இருந்தது ஒரு திரி ஸ்டவ். ஒரே அடுப்பில் சோறு இறங்கி, குழம்பு ஏறி, அது இறங்கிப் பொரியல் ஏற வேண்டும். இடையில் திரி கருகினால் பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. ஏழு ஐம்பது டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் போய்ப் பள்ளியில் மணி அடிப்பதற்குள் சேர முடியாது. அந்த பஸ்ஸுக்கு அவர் ஓடுகிற ஓட்டம் தெரு முழுக்கத் தெரியும். "டீச்சர் போயாச்சு, மணி ஏழே முக்கால்" என்று எதிர்வீட்டில் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

அவருக்கு யாரும் நேர மேலாண்மை கற்றுக் கொடுக்கவில்லை. ஆனால் முதல் நாள் ராத்திரியே காய் நறுக்கி ஈரத்துணி போட்டு மூடுவது, புளியை ஊறவைத்துவிட்டுப் படுப்பது, மாசத்துக்கு ஒருமுறை குழம்புப்பொடி அரைத்து வைப்பது என்று இன்றைக்குப் பத்திரிகைகளில் 'டிப்ஸ்' என்று வருகிற அத்தனையும் அவர் செய்தார். அவர் செய்யாத ஒன்றைச் சொல்லித் தரும் குறிப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நம் வீட்டுப் பெண்களுக்கு நேரம் போதாமல் போனது அவர்களுக்குத் திட்டமிடத் தெரியாததால் அல்ல.

அம்மாவால் வேலைக்குப் போக முடிந்ததற்குக் காரணம் பாட்டி. எங்களைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளியிலிருந்து கூட்டிவந்து, காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது அவர்தான். கூட்டுக்குடும்பம் பெண்களுக்கு வசதியாக இருந்தது என்று இப்போது பலர் ஏக்கத்தோடு சொல்கிறார்கள். அம்மாவின் வேலை குறைந்தது உண்மை. ஆனால் அது போய் இறங்கிய இடம் அறுபது வயதைத் தாண்டிய இன்னொரு பெண்ணின் முழங்கால்.

கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு 1992இல் வந்தது. கோவைக்காரர்களுக்கு அது சொந்த ஊர்ச் சரக்கு. 1955இல் சபாபதி என்பவர் கோவையில் முதல் வெட் கிரைண்டரை உருவாக்கினார். பிறகு இந்த ஊர்ப் பட்டறைகள் அதைச் செய்து செய்து மெருகேற்றின. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், கல் நிற்கும். கிரைண்டரில் பாத்திரம் சுற்றும், குழவி தன் இடத்தில் நின்று உருளும். இந்த ஒரு மாற்றத்தில் ஒரு பெண்ணின் இரண்டு கைகளும் விடுபட்டன. தமிழ்ப் பெண்களின் உடம்புக்கு இதைவிடப் பெரிய உபகாரம் செய்த இயந்திரம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் வலது தோள்வலி கிரைண்டர் வந்த மூன்றாம் மாதத்தில் குறைந்தது.

நேரம் மட்டும் குறையவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்கல் இருந்தவரை இட்லி, தோசை வாரத்தில் மூன்று நான்கு நாள் காலைக்குத்தான். ராத்திரிக்கு மத்தியானச் சோறுதான், மோர் ஊற்றி. கிரைண்டர் வந்து, அடுத்த வருஷம் ஃபிரிட்ஜும் வந்தபிறகு ராத்திரியும் டிபன் ஆனது. மாவு எப்போதும் இருக்கிறதே, சூடாக நாலு தோசை ஊற்றினால் என்ன என்று வீடு கேட்க ஆரம்பித்தது. ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரம் தோசைக்கல்லின் முன் நிற்கிற ஒன்றரை மணி நேரமாயிற்று. மிக்ஸி வந்ததும் ஒரு சட்னி இரண்டு சட்னியானது. அதுவும் இதே கதைதான்.

இப்போது என் வீட்டுக்கு வாருங்கள். கோவை, கணபதி. எனக்கு நாற்பத்து நாலு வயது. பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. நான் எழுவது ஐந்தே காலுக்கு. குழாயைத் திறந்தால் தண்ணீர், மூன்று பர்னர் அடுப்பு, குக்கர், வாஷிங் மெஷின், மாவு அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில் பாக்கெட்டில். அம்மாவின் கணக்கில் பார்த்தால் ஆறரைக்கெல்லாம் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன ஆடி மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது நாற்பது. பாத்திரம் கழுவி, மேடை துடைத்து, விளக்கை அணைக்கப் போகும்போது போன் மினுங்கியது. மகள் படிக்கும் பள்ளியின் வாட்ஸ்அப் குழு. நாளைக்குப் பச்சை நிற உடை, ஒரு இலை வகை, அதைப் பற்றி ஐந்து வரி எழுதிய சார்ட் அட்டை. ஐந்தாம் வகுப்பு. அவள் தூங்கி அரை மணியாகியிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, பச்சை சார்ட் ஒண்ணு" என்றேன். "நீங்க ஆறாவது ஆளுங்க அம்மணி" என்றார் கடைக்காரர். என்னோடு இன்னொருத்தி வந்து நின்றாள். நைட்டியின் மேல் துண்டு, கையில் போன், அதே செய்தி. அந்த ஆறு பேரும் பெண்கள்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

என் அம்மாவுக்கு இந்த வேலை இருந்ததே இல்லை. என் சார்ட்டை ஒருநாளும் அவர் ஒட்டியதில்லை. வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் அடி எனக்கு, கேள்வி அம்மாவுக்கு வராது. தடுப்பூசித் தேதி, வேன் கட்டணத்தின் கடைசி நாள், மாமியாருக்கு சுகர் மாத்திரை தீர்வது, காஸ் புக் செய்வது, நாளை மறுநாள் யாருக்கு எந்த யூனிஃபார்ம் என்று நாள் முழுக்கத் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடுகிறது. ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓடுகிறது. வேலையை இயந்திரம் வாங்கிக்கொண்டது. ஞாபகத்தை வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. எந்தக் கடிகாரத்திலும் பதியாத நேரம் இது, ஆனால் ராத்திரி படுத்தால் அசதி தெரிகிறது.

பதிகிற நேரத்துக்காவது கணக்கு இருக்கிறது. 1998-99இல் ஆறு மாநிலங்களில் சோதனையாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது, அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. நாடு முழுவதுக்குமாக 2019இல் நடந்தது, திரும்ப 2024இல். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது 2019இல் ஒரு நாளைக்கு 299 நிமிடம், 2024இல் 289 நிமிடம். பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, சரி. ஆண்கள் 97 நிமிடத்திலிருந்து 88க்கு வந்துவிட்டார்கள். அதுவும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படிக் கை வைத்தவர்கள் ஆண்களில் கால்வாசிக்குச் சற்று மேல், பெண்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். எதிர்ப்பக்கத்தில் வரவு வைக்காமல் இந்தப் பக்கத்தில் பற்றைக் குறைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். காலையில் அரை மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள் என்று பெண்களுக்குச் சொல்லப்படும் யோசனை எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அந்த அரை மணியும் தூக்கத்திலிருந்து வருவது.

தமிழ்நாட்டில் உண்மையிலேயே பெண்களின் நேரத்தை மிச்சப்படுத்தியவை வேறு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அம்மா பள்ளியில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் மத்தியானம் பிள்ளைக்குச் சோறு போட வரப்பிலிருந்து ஓடிவருவது அதோடு நின்றது என்று இன்றும் சொல்வார். 2011இல் அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது இலவசம் என்று கேலி பேசியவர்களில் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து எழுந்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு தொடங்கி, அடுத்த வருஷம் மாநிலம் முழுக்க விரிந்தது.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் கழுவவும் வீடு துடைக்கவும் ஒரு அக்கா வருகிறார். அவருடைய பேரன் மூன்றாம் வகுப்பு, பொறுப்பு முழுக்க இவருடையது. "காத்தால பையனுக்கு ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல கண்ணு, ஸ்கூல்லயே பொங்கல் போட்டுர்றாங்க. அதனால முதல் வீட்டுக்கு ஏழு மணிக்கே வந்துர்றேன்" என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அவருக்கு மிச்சமான அந்த நேரம் இன்னொரு வீட்டின் பாத்திரத் தொட்டிக்குப் போயிருக்கிறது. என் எட்டரை மணி ஆபீஸ் பஸ் அவருடைய கைகளின் மேல்தான் ஓடுகிறது. அவருக்கு ஞாயிறு விடுமுறையும், உடம்புக்கு முடியாத நாளில் சம்பளம் பிடிக்காமல் இருப்பதும் என் வீட்டுக் கணக்கில் முதல் செலவு. வேலைக்குப் போகும் பெண்களுக்கு நேரத்தைப் பற்றி நான் சொல்ல நினைக்கும் யோசனைகளில் இதற்கு முதல் இடம்.

இன்னொன்று பிரிப்பது பற்றி. பல வருஷம் என் கணவரிடம் நான் வேலைகளைத் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தேங்காயைத் துருவுங்க, அந்தத் துணியை எடுத்து வாங்க. அவரும் முகம் சுளிக்காமல் செய்வார். ஆனால் எப்போது, எது, எவ்வளவு என்பது என் தலையிலேயே இருந்தது. அந்தப் பச்சை சார்ட் ராத்திரிக்குப் பிறகு, "ஏனுங்க, ஸ்கூல் சமாச்சாரம் முழுக்க இனி நீங்க. அந்தக் குரூப்புல நான் இருக்கப் போறதில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாவும் காலை டிபனும்கூட அவர் பக்கம் போனது. உளுந்து தீர்வதை கவனிப்பது முதல் கிரைண்டர் கழுவிக் கவிழ்ப்பது வரை. மதியச் சாப்பாடும் மாமியாரின் மருந்தும் என்னிடம்.

முதல் மாதம் சுலபமாக இல்லை. ஒரு நாள் மகள் யூனிஃபார்ம் மாற்றிப் போட்டுக்கொண்டு போய் அழுதுகொண்டே வந்தாள். ஒரு வாரம் உளுந்து குறைந்து இட்லி கல்லாக இருந்தது. என் வாய் அரித்தது, பேசாமல் தின்றேன். திருத்த ஆரம்பித்தால் ஞாபகம் திரும்பவும் என் தலைக்கு வந்துவிடும் என்று பயம். மூன்றாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவராகவே, "உளுந்து அரைக் கிலோதான் இருக்கு, வரும்போது வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பதினாலு வருஷம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

போன மாதம் அம்மா வந்து பத்து நாள் இருந்தார். அறுபத்தொன்பது வயதாகிறது, இன்னும் நாலு மணிக்கே விழிப்பு. ஞாயிறு ராத்திரி மருமகன் உப்புப் போட்டு மாவைக் கையால் கரைத்ததைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். "பாத்திரம் பெருசா வைங்க மாப்பிள்ளை, புழுக்கமா இருக்கு" என்றார். என் கணவர் வைத்தது சின்னப் பாத்திரம். விடிகாலையில் மாவு பொங்கி, தட்டைத் தூக்கி, மேடை வழியாக வழிந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து வந்தபோது விளக்கு எரிந்தது. என் கணவர் முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழப் பார்த்தார். "நீங்க உக்காருங்கத்தை, முடிஞ்சுது" என்றார் அவர், துணியைப் பிழிந்துகொண்டே. அம்மா ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு உட்கார்ந்து, ஆறுவதற்குள் மீதிக் காபியையும் குடித்தார்.