இருமுடியில் ஏறுவன, இறங்குவன
சபரிமலை செல்லும் ரஹாங் அன்பர்களின் பயண ஆயத்தம்

கார்த்திகை முதல் நாளன்று கழுத்தில் துளசி மணி ஏறிவிட்டால், ரஹாங் வட்டாரத்து வீடுகளில் இரண்டு வேலைகள் ஒருங்கே தொடங்கிவிடுகின்றன. ஒன்று விரதம். மற்றொன்று, எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் ஆராய்ச்சி. முன்னதற்குக் குருசாமி இருக்கிறார், நியமங்கள் இருக்கின்றன. பின்னதற்கு வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் குருசாமியாகிவிடுகின்றனர். தாயார் ஊறுகாய்ப் புட்டியை நீட்டுகிறார். தமக்கை முறுக்குப் பொட்டலத்தைச் செருகுகிறார். ஏற்கெனவே மலைக்குச் சென்று வந்த மைத்துனர், "இவ்வளவையும் யார் சுமப்பது?" என்று கேட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கிறார்.

சிரம்பானை அடுத்த ரஹாங்கிலிருந்து புறப்படும் அன்பர்களுக்கு இது வெறும் மலைப்பயணமன்று. விமானமேறிச் சென்னையிலோ திருச்சியிலோ கொச்சியிலோ இறங்கி, பழநி, மதுரை, குருவாயூர் எனப் பல தலங்களை வணங்கி, இறுதியில் பம்பையில் நீராடி மலையேறுவது பலரது வழக்கம். இரண்டு வாரம், மூன்று வாரம் என நீளும் இந்த யாத்திரையில் பேருந்தும் இரயிலும் மாறி மாறி வரும். ஓரிரவு சத்திரத்தில், மறு இரவு கோயில் மண்டபத்தில் கழியும். சக்கரம் வைத்த பெரிய பெட்டி விமான நிலையத்தின் பளிங்குத் தரையில் உருளும். பம்பைக்குப் போகும் பேருந்தின் நெரிசலில் அது உருளாது.

இரண்டு அறை கொண்ட பை

நெடும்பயணத்துக்கு மூட்டை கட்டும் கலையை ஐயப்ப மரபு நெடுங்காலத்துக்கு முன்பே தீர்த்து வைத்திருக்கிறது. இருமுடி என்பது இரண்டு அறை கொண்ட ஒரு துணிப்பை. முன்முடியில் இருப்பது இறைவனுக்கு உரியது. பின்முடியில் இருப்பது சுமப்பவனுக்கு உரியது. தலையில் ஏற்றினால் இரண்டும் சமமாக நிற்க வேண்டும். ஒன்று கனத்தால் கழுத்து வலிக்கும்.

முன்முடியின் தலையாய பொருள் நெய்த்தேங்காய். நார் நீக்கி வழவழப்பாகத் தேய்த்த தேங்காயின் கண்ணைத் திறந்து, இளநீரை வடித்து, பசு நெய்யை நிரப்பித் தக்கையால் அடைக்கின்றனர். தேங்காய் உடல், நெய் உயிர் என்பது பெரியோர் கூறும் விளக்கம். சந்நிதானத்தில் அந்த நெய் ஐயனுக்கு அபிஷேகமாகிறது. வெறுமையான தேங்காய் மூடி ஆழியில் எரியும் நெருப்புக்குப் போகிறது. சுமந்து வந்ததில் மிக உயர்ந்த பொருளை அங்கேயே விட்டுவிட்டு வருவதற்காகவே இத்தனை தூரம் சுமக்கிறார்கள்.

பின்முடியின் வரலாறு பசியின் வரலாறு. எருமேலியிலிருந்து அழுதை நதி, கரிமலை வழியாகப் பம்பை சென்று சந்நிதானம் அடையும் பெருவழி நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டுப் பாதை. கடைகளோ அன்னதான மண்டபங்களோ இல்லாத காலத்தில் அரிசி, பருப்பு, உப்பு, புளி எல்லாம் பின்முடியில் சென்றன. வழியில் அடுப்பு மூட்டிச் சமைத்து உண்பர். ஒவ்வொரு வேளை உணவுக்கும் பின்முடி இளைக்கும். ஏற்றம் கடுமையாகும்போது சுமை குறைந்திருக்கும். எந்த மலையேற்ற வல்லுநரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு இது.

இதே வழியில் இன்னொரு விந்தையும் உண்டு. அழுதை நதியில் மூழ்கி எழும் அன்பர் ஒரு கல்லை எடுத்துக் கொள்கிறார். அதைச் சுமந்து மேடேறிக் கல்லிடுங்குன்றில் போட்டுவிட்டு நடக்கிறார். காசி யாத்திரை செய்வோர் இராமேசுவரத்து மணலைக் கங்கைக்குக் கொண்டுபோய்க் கரைத்து, கங்கை நீரை இராமேசுவரத்துக்குக் கொண்டுவந்து அபிஷேகம் செய்விப்பதும் இதற்கு உறவான வழக்கமே. யாத்திரை மூட்டையில் பயனுக்காகச் செல்லும் பொருளும் உண்டு. இறக்கி வைப்பதற்காகவே செல்லும் பொருளும் உண்டு.

கப்பலில் வந்த மூட்டைகள்

ரஹாங்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பலவற்றின் வேர் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இருக்கிறது. லாபுவின் கெர்பி தோட்டம், போர்ட்டிக்சன் பக்கத்துச் சுவா பெத்தோங் தோட்டம் என்று பெயர் சொன்னால் இன்றும் முதியோர் முகம் மலரும். அவர்களுடைய முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது என்ன கொண்டு வந்தனர்? ஒரு தகரப் பெட்டி அல்லது துணி மூட்டை, மாற்றுத் துணி, சமைக்க ஒரு பாத்திரம். கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களுக்கு அதற்கு மேல் இடமில்லை. 1926-இல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை இத்தடத்தில் ஓடிய 'ரஜுலா' கப்பலை இரண்டு தலைமுறையினர் அறிவர்.

ஆனால் குலதெய்வத்தை விட்டு வர மனம் இல்லாதவர்களுக்குத் தமிழகத்தில் ஒரு வழி இருந்தது. கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து முடிந்து கொண்டு சென்று, சென்ற இடத்தில் அதை வைத்து வழிபாட்டைத் தொடங்குவர். பிடிமண் என்பது அதன் பெயர். பால்மரக் காட்டின் ஓரத்தில் மரத்தடியில் தொடங்கிய மாரியம்மனும் முனீசுவரரும் பின்னாளில் கூரை பெற்று, கோபுரம் பெற்றதைத் தோட்டக் கோயில்களின் வரலாறு காட்டும். ஒரு பிடி மண்ணுக்குப் பெட்டியில் எவ்வளவு இடம் வேண்டும்? இன்று இருபது கிலோ பெட்டியை நிரப்பிவிட்டு இன்னும் ஐந்து கிலோவுக்குப் பணம் கட்டுவோர் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எங்கே கட்டுவது இருமுடி?

இந்நாளில் அன்பர்களிடையே எழும் பெரிய வினா இதுதான். சொந்த ஊர் ஆலயத்தில், உற்றார் உறவினர் சூழ, குருசாமியின் கையால் இருமுடி நிறைப்பதில் உள்ள நிறைவு தனி. தாயும் மனைவியும் பிள்ளைகளும் ஆளுக்கு மூன்று பிடி அரிசி இடுவர். கன்னிச்சாமியாக முதன்முறை செல்லும் மகனின் பையில் அரிசி போடும்போது கண் கலங்காத தாயார் இல்லை. அந்தப் பிடி அரிசியை இந்தியாவில் போய் வாங்கிக் கொள்ளலாம் என்று சொன்னால் எந்த வீட்டில் ஏற்பார்கள்?

ஆனால் விமான நிலையத்துக்கு இந்தக் கண்ணீர் தெரியாது. கற்பூரம் தீப்பற்றும் பொருள். விமானத்தில் கைப்பையிலும் ஏற்றக்கூடாது, சரக்குப் பெட்டியிலும் ஏற்றக்கூடாது. தீப்பெட்டியைப் பெட்டியில் வைக்க இயலாது. நெய், பன்னீர் போன்றவை கைப்பையில் நூறு மில்லி லிட்டருக்கு மேல் அனுமதிக்கப்படுவதில்லை. இந்திய விமானங்களில் தேங்காயைக் கைப்பையில் கொண்டு செல்லத் தடை இருந்து வந்தது. 2024 அக்டோபரில், சபரிமலை அன்பர்களுக்காக 2025 ஜனவரி 20 வரை அந்தத் தடையை இந்திய அரசு தளர்த்தியது. இத்தகைய சலுகை பருவத்துக்குப் பருவம் அறிவிக்கப்படுவது. ஆதலால் புறப்படுமுன் விமான நிறுவனத்திடம் கேட்டுத் தெளிவது நலம். சோதனை மேடையில் நெய்த்தேங்காயை எடுத்து வைத்துவிட்டுப் போகச் சொன்னால் ஒரு மண்டல விரதம் இருந்தவர் மனம் என்ன பாடுபடும்!

இதற்கு அனுபவசாலிகள் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. ஊர் ஆலயத்தில் பூசை செய்து, வீட்டார் இடும் அரிசியைச் சிறு துணி முடிப்பாகக் கட்டி எடுத்துக் கொள்கின்றனர். நெய்யும் தேங்காயும் தமிழகத்திலோ கேரளத்திலோ வாங்கி, மலைக்குப் புறப்படும் நாளில் குருசாமி முன்னிலையில் கட்டு நிறைக்கின்றனர். பம்பை கணபதி கோயிலிலும் இருமுடி கட்டும் வசதி உண்டு. பதினெட்டுப் படி ஏறுவதற்கு இருமுடி வேண்டும் என்பதே விதி. அது எந்த ஊரில் கட்டப்பட்டது என்று படி கேட்பதில்லை. அரிசி போன்ற விளைபொருள்களுக்கு நாட்டுக்கு நாடு சுங்க விதி உண்டு என்பதால், சிறு முடிப்பானாலும் அதிகாரியிடம் அறிவித்துவிடுவதே முறை.

குறையட்டும் முன்முடி

மஞ்சள்பொடி, சந்தனம், பன்னீர், ஊதுபத்தி, கற்பூரம், அவல், பொரி, மிளகு என்று முன்முடிப் பட்டியல் காலப்போக்கில் நீண்டுவிட்டது. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் நெகிழிப் பொட்டலத் தொகுப்புகள் இதற்கு ஒரு காரணம். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தின்போது, சபரிமலைத் தந்திரி கண்டரரு ராஜீவரு இது குறித்துத் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் ஆகியவற்றை இருமுடியில் கொண்டுவர வேண்டா என்பது அதன் சாரம். சந்நிதானத்தில் அவற்றைப் பயன்படுத்த வழியில்லை, பெரும்பகுதி குப்பையாகிறது, தீ அபாயமும் உண்டு. முன்முடியில் பச்சரிசி, நெய்த்தேங்காய், வெல்லம், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, காணிக்கை நாணயம் ஆகியவை போதும். பின்முடிக்குச் சிறிது அரிசி போதும் என்றார் அவர். வாரியமும் அதை ஏற்று அறிவித்தது. நெகிழிப் பொருள்களுக்கு முன்பே தடை உண்டு. ஆக, விமான நிலையம் வேண்டா என்பதையே ஆலயமும் வேண்டா என்கிறது. இதில் அன்பர்களுக்கு மனக்குறை தேவையில்லை.

ஜோல்னாப் பையில் இருக்க வேண்டியவை

தலையில் இருமுடி, தோளில் ஒரு ஜோல்னாப் பை. மலையேறும்போது இவ்விரண்டுதான். கருப்போ நீலமோ காவியோ, இரண்டு வேட்டியும் இரண்டு துண்டும் போதும். ஒன்று உடலில், ஒன்று கொடியில். ஒரு மெல்லிய போர்வை இன்றியமையாதது. இரவில் விரித்துப் படுக்கவும், மார்கழிக் குளிரில் போர்த்திக் கொள்ளவும், இருமுடியை வெறுந்தரையில் வைக்காமல் கீழே விரிக்கவும் அதுவே உதவும். பருவமழை ஓயாத காலமாதலால் மழைச் சட்டை ஒன்று வேண்டும். தொப்பலாக நனைந்த கனத்த துவாலையைச் சுமந்தவர்கள் மறு ஆண்டு அதைத் தொடுவதில்லை. பழைய உடையைப் பம்பையில் விட்டு வருவதைச் சிலர் வழக்கமாகக் கொண்டுவிட்டனர். அது மரபும் அன்று, அதற்குத் தடையும் உண்டு.

எல்லாவற்றிலும் முதன்மையானது மருந்து. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டி வருகின்றன. பம்பையிலிருந்து சந்நிதானம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்தான். ஆயினும் நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றம் நெஞ்சைச் சோதிக்கும். ஆண்டுதோறும் இப்பாதையில் மாரடைப்பால் உயிர் நீப்போர் உளர். வழியில் அவசர மருத்துவ மையங்களும் பிராணவாயு நிலையங்களும் அமைக்கப்படுவது இதனால்தான். இரத்த அழுத்த மாத்திரையை விடுதிப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, விபூதிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறுவது பக்தி ஆகாது. பயண நாள்களுக்கும் மேலாக ஒரு வார மாத்திரை, மருத்துவர் எழுதிய சீட்டு, இன்சுலின் போட்டுக் கொள்பவராயின் அதற்கான குளிர்ப்பை, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் வாயில் போட ஒரு துண்டு வெல்லம் ஆகிய இவை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். விரதத்தில் உணவு நேரம் மாறுவதால் மருந்தளவு குறித்து மாலையணியும் முன்பே மருத்துவரைக் கேட்பது கடமை.

கடப்பிதழ், விசா, தரிசன முன்பதிவுச் சீட்டு ஆகியவற்றின் நகலை ஒருவர் பையில் மட்டும் வைக்காமல், குழுவில் இருவர் பையில் வைப்பது நன்று. சிறுவரும் முதியவரும் கழுத்திலோ கையிலோ பெயரும் தொடர்பு எண்ணும் எழுதிய அட்டையை அணிந்திருக்க வேண்டும். 1999-இல் பம்பையிலும் 2011-இல் புல்மேட்டிலும், மகரஜோதி நாளன்று நேர்ந்த நெரிசல்களை மறந்துவிட்டு அந்தக் கூட்டத்தில் இறங்கலாகாது.

செருப்பைப் பற்றி ஒரு சொல். விரத நாள்களில் வெறுங்காலோடு நடப்போர் புறப்படுமுன்பே ஒரு மாதம் பழகியிருப்பர். அலுவலகம் முழுதும் சப்பாத்து அணிந்துவிட்டு மலையடிவாரத்தில் கழற்றுபவர் பாதத்தில் முதல் நாளே கொப்புளம் தோன்றும். காயக்கட்டுத் துணி ஒரு சுருள், கிருமிநாசினிக் களிம்பு ஒன்று. இவற்றின் எடை மிகச் சிறிது.

திரும்பும் வழியில் பைக்கு வேறு உருவம். நெய் இறங்கிய இடத்தில் அபிஷேக நெய்யும் விபூதியும் ஏறும். அப்பமும் அரவணையும் வாங்காமல் வருவோர் அரிது. அரவணை பாயசம் டப்பாவில் அடைத்தது என்றாலும் விமான நிலையத்தில் அது பசைப் பொருளாகவே கருதப்படும். ஆதலால் கைப்பையில் வைக்காமல் பெட்டியில், துணி சுற்றி வைக்க வேண்டும். அதற்கான இடத்தைப் புறப்படும்போதே காலியாக விட்டுச் செல்பவர் கெட்டிக்காரர். பின்முடியில் எஞ்சிய அரிசியை ரஹாங் வீட்டு உலையில் மற்ற அரிசியோடு சேர்த்து வடித்து, அன்று மாலை கழற்றியபின் வீட்டாரோடும் அண்டை வீட்டாரோடும் பகிர்ந்து உண்கின்றனர். இருமுடிப் பையைத் துவைத்து, நிழலில் உலர்த்தி, பூசை அறைப் பரணில் மடித்து வைக்கின்றனர்.