பூனைக்கு ஆகாத மாத்திரை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில், ஷிப்ட் முடிந்து உடல்வலியோடு வருகிறவர்களுக்கென்று ஒரு பாராசிட்டமால் அட்டை இருக்கும். வளர்க்கும் பூனை சோர்ந்து சுருண்டு கிடந்தால், அதில் கால் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதானே! ஆனால் பூனைக்கு அது நஞ்சு. நம் உடல் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் குளுக்குரானிக் அமிலத்தோடு சேர்த்துச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. அதற்கான முக்கிய நொதி ஒன்றை உருவாக்கும் மரபணு பூனையிடம் பழுதாகிவிட்டது, சிங்கத்துக்கும் அப்படித்தான். தாவரங்களில் உள்ள பினால் சேர்மங்களை முறிக்க அந்த நொதி உதவும். இறைச்சியே உணவான குடும்பத்துக்கு அதன் தேவை குறைந்ததால் பழுது நிலைத்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வெளியேற வழியின்றித் தேங்கும் மருந்து நச்சாக மாறிச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும்.

அளவைக் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 மில்லிகிராம் மாத்திரையில் கால்பங்கு 125. அது 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 31 மில்லிகிராமுக்கு மேல். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே நச்சுக்குறிகள் தென்பட்டதுண்டு. கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லையே என்பாரும் உண்டு. ஒரு பூனை தப்பியது அடுத்த பூனைக்கு உத்தரவாதம் ஆகாது. அதைவிடப் பெரிய சிக்கல், சோர்வுக்கான காரணம் கவனிக்கப்படாமலே போவதுதான். சிறுநீர்க்குழாய் அடைபட்ட ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒரு சொட்டும் வராமல் தவிக்கும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். வலிமாத்திரை அந்த அடைப்பை நீக்காது. மாத்திரையை ஒளித்துவைத்தாலும் கவனம் முடிந்துவிடாது. பினால் கலந்த கிருமிநாசினியால் துடைத்த ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கும் பூனைக்கும் அதே நொதிக் குறையால் ஆபத்துதான். நாய்க்கு உண்ணி போக வாங்கிய பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு ஆகாது.

டாக்டரிடம் போக வசதி வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. தொழிற்பேட்டை ஊரில் பூனைக்கென்று தனி மருத்துவமனையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆடு மாடு வந்து நிற்கும் அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவர் பூனையைப் பற்றியும் படித்தவர்தான். பெரிய சிகிச்சைக்கு, 1903-இல் தொடங்கிய வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது; கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மின்ரயில்கள் போய்ச் சேரும் சென்ட்ரலிலிருந்து அது அதிக தூரமில்லை. மாத்திரையை ஏற்கெனவே கொடுத்துவிட்டால் மறைக்காமல் அட்டையோடு கிளம்புங்கள். மனிதர்களுக்குக் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்தே பூனைக்கும் உண்டு. எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு பலன். நீங்களாக வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று சொன்னாலே மருத்துவர் மேற்கொண்டு பார்த்துக்கொள்வார்.