ஆடு புலி ஆட்டம்: புதிதாகக் கற்போர்க்குச் சில குறிப்புகள்

போர் என்றதும் யானையும் குதிரையும், வாளும் வேலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நம் முன்னோர் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு போர்க்களத்தை அமைத்து வைத்திருந்தனர். அதற்குப் படைக்கலம் வேண்டியதில்லை. ஒரு கரித்துண்டு, பதினைந்து புளியங்கொட்டைகள், மூன்று கூழாங்கற்கள் ஆகியவையே போதும். புளியங்கொட்டைகள் ஆடுகளாகும், கூழாங்கற்கள் புலிகளாகும். ஆடு புலி ஆட்டம் என்னும் இக்கற்பனைப் போரைக் குறித்தே இன்று சில சொல்லக் கருதுகிறோம்.

சதுரங்கத்தில் இரு தரப்பினர்க்கும் ஒத்த படை உண்டு; மன்னனுக்கு மன்னன், குதிரைக்குக் குதிரை. ஆடு புலி ஆட்டத்தில் அவ்விதம் இல்லை. ஒருபுறம் வலிமையுடையோர் மூவர். மறுபுறம் வலிமையற்றோர் பதினைவர். புலி ஆட்டைக் கொல்லலாம். ஆடு புலியைத் தொடவும் இயலாது. அங்ஙனமிருந்தும் ஆடுகள் வெல்லக் கூடும். அஃது எவ்வாறு என்பதை அறிந்துகொள்வதே இவ்வாட்டத்தைக் கற்பதாகும்.

நாம் இதனைக் கற்றது கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில். பங்காருப்பேட்டையில் பிரியும் கிளை ரயில்பாதை அங்கே வந்து முடிகிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியில், சுரங்க வேலையை நாடி வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் பெருந்திரளாக அவ்விடம் சென்று குடியேறினர். வீட்டையும் நிலத்தையும் விட்டுச் சென்றவர்கள் மூட்டையில் எவ்வளவுதான் சுமக்க முடியும்? ஆனால் இவ்வாட்டத்தைச் சுமக்க மூட்டை தேவைப்படவில்லை. கோடு கிழிக்க ஓரிடமும், எதிரில் அமர ஒருவரும் இருந்தால் அது முளைத்துவிடும்.

நமக்கு இதனைக் கற்பித்தவர் பல்லாண்டுகள் சுரங்கத்தினுள் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர். சிறுவர்களாகிய நாம் ஆட்டை எடுத்ததும் புலியின் எதிரே கொண்டுபோய் வைப்போம். அவர் அதனை வெட்டிவிட்டு, "தம்பி, முன்னாலே வைக்கிறதுக்கு முன்னாடி பின்னாலே பார்" என்பார். அப்போது அது வெறும் ஆட்டக் குறிப்பென்றே எண்ணினோம். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அத்தகைய ஆழத்தில் பாறையின் அழுத்தம் தாளாமல் சுவர்களே வெடித்துச் சிதறுவதுண்டு. பின்னால் முட்டுக் கொடுத்த பிறகே முன்னால் அடி வைக்க வேண்டும் என்பது அங்கு உயிர் காக்கும் விதி. அவ்விதியையே அவர் புளியங்கொட்டைகளைக் கொண்டு நமக்குக் கற்பித்தார் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

இனி ஆட்டக் களத்தை வரையும் முறையைக் காண்போம். உச்சியில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் நான்கு கோடுகளை இழுக்க வேண்டும். அந்நான்கின் அடிமுனைகளை ஒரு கோட்டால் இணைத்தால் அதுவே அடிக்கோடு. உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் இடையே மூன்று குறுக்குக் கோடுகள் வரும். அவை நான்கு சாய்கோடுகளையும் வெட்டிக்கொண்டு இருபுறமும் வெளியே நீளவேண்டும். நீண்ட முனைகளை இடப்புறம் ஒரு கோட்டாலும் வலப்புறம் ஒரு கோட்டாலும் மேலிருந்து கீழாக இணைத்துவிட்டால் களம் முடிந்தது. உச்சியில் 1, குறுக்குக் கோடு ஒன்றுக்கு 6 வீதம் 18, அடிக்கோட்டில் 4, ஆக மொத்தம் 23 புள்ளிகள் இருக்கும்.

விதிகள் சில. புலிகளுள் ஒன்று உச்சியிலும், மற்ற இரண்டும் முதற் குறுக்குக் கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டிலும் நிற்கும். ஆடுகள் யாவும் தொடக்கத்தில் களத்துக்கு வெளியே இருக்கும். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆட்டை ஏதேனும் ஒரு வெற்றுப் புள்ளியில் வைப்பார். புலிக்காரர் முறைக்கு ஒரு புலியைக் கோட்டின் வழியே அடுத்த புள்ளிக்கு நகர்த்துவார். பதினைந்து ஆடுகளும் களமிறங்கும் வரை, வைத்த ஆட்டை நகர்த்தல் ஆகாது. அதன்பின் ஆடுகளும் ஒவ்வொரு புள்ளியாக நகரலாம். புலியை அடுத்து ஓர் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் ஆட்டுக்கு அப்பாலுள்ள புள்ளி வெற்றாக இருக்குமானால், புலி அங்கே தாவி ஆட்டை வெட்டிவிடும். மூன்று புலிகளும் நகரவும் தாவவும் வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. அடைக்கப் போதாதபடி ஆடுகள் குறைந்துபோனால் புலிகளுக்கு வெற்றி. எத்தனை ஆடுகள் வெட்டுண்டால் ஆட்டம் முடியும் என்பதும், புலிகள் எங்கே தொடங்கும் என்பதும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆதலின் அமரும்போதே பேசி முடிவு செய்துகொள்வது நன்று. பாதி ஆட்டத்தில் எழும் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல எவராலும் ஆகாது!

ஆடுகளை ஆடுவோர்க்கு முதற்குறிப்பு, எல்லாப் புள்ளிகளும் ஒரே தன்மையன அல்ல என்பதாகும். புலி தாவ வேண்டுமானால் ஆடு ஒரு கோட்டின் இடையில் நிற்க வேண்டும். கோட்டின் முனையில் நிற்கும் ஆட்டுக்கு அப்பால் புள்ளியே இல்லை. புலி எங்கே தாவும்? இவ்வகையில் எத்திசையிலும் வெட்டுண்ணாத புள்ளிகள் ஏழு. உச்சி ஒன்று, முதற் குறுக்குக் கோட்டின் இரு ஓரங்கள், மூன்றாம் குறுக்குக் கோட்டின் இரு ஓரங்கள், அடிக்கோட்டின் இரு முனைகள். இவற்றுள் உச்சி தொடக்கத்தில் புலியின் வசம் இருப்பதால் எஞ்சிய ஆறும் ஆடுகளின் கோட்டைகள் எனலாம். நடுக் குறுக்குக் கோட்டின் இரு ஓரங்களிலும், அடிக்கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டிலும் ஒரு கோட்டின் வழியாக மட்டுமே ஆபத்து வரும். களத்தின் உள்ளேயுள்ள மற்றப் பன்னிரண்டு புள்ளிகளில் இரு கோடுகளின் வழியாகவும் ஆபத்து உண்டு. புதிதாக ஆடுபவர் இப்பன்னிரண்டில் ஒன்றைத்தான் முதலில் நாடுவார். அங்கேதான் தோல்வி தொடங்குகிறது.

இரண்டாவது குறிப்பு முதியவர் சொன்ன அதே சொல். ஓர் ஆடு நிற்கும் கோட்டில், அதற்கு இருபுறமும் உள்ள புள்ளிகளுள் ஒன்றில் வேறோர் ஆடு நின்றால், அக்கோட்டின் வழியே அதனை வெட்ட முடியாது. தாவும் இடம் அடைபட்டிருக்கும். அல்லது தாவத் தொடங்கும் இடமே அடைபட்டிருக்கும். இதனைக் கொண்டு ஒரு முறை வகுக்கலாம். முதலில் அடிக்கோட்டின் இரு முனைகள்; அடுத்து மூன்றாம் குறுக்குக் கோட்டின் இரு ஓரங்கள். முனைகள் நிரம்பியபின் அடிக்கோட்டின் நடுப்புள்ளிகளில் வைக்கும் ஆடுகளுக்கு ஆபத்தில்லை. அவை நிரம்பியபின் மூன்றாம் குறுக்குக் கோட்டின் உட்புள்ளிகளை ஓரத்திலிருந்து நடுநோக்கி நிரப்பினால் அவற்றுக்கும் ஆபத்தில்லை. இவ்வாறு ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, சுவர் எழுப்புவது போலக் கீழிருந்து மேலே ஏறவேண்டும். இடையில் ஒரு புலி வந்து நமது இடத்தில் அமர்ந்துகொள்வதும் உண்டு. அப்போது பதறாமல், காவலுள்ள வேறொரு புள்ளியில் ஆட்டை வைத்துப் பொறுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது குறிப்பு புலியை அடைக்கும் கணக்கு. களத்தின் நடுவே நிற்கும் புலிக்கு நான்கு வழிகள். அவ்வழிகளில் நான்கு ஆடுகளும், தாவாதபடி அவற்றின் பின்னே நான்கு ஆடுகளுமாக எட்டு ஆடுகள் தேவைப்படும். அடிக்கோட்டின் முனையில் நிற்கும் புலிக்கோ இரண்டே வழிகள். நான்கு ஆடுகள் போதும். ஆகவே புலியை ஓரத்துக்கு ஒதுக்குவதே ஆட்டுக்காரரின் நோக்கமாக இருத்தல் வேண்டும். ஒரு புலி மூலைக்குள் நுழைந்தால் அதனை விரட்ட முயலாதீர்கள், கதவைச் சாத்துங்கள். தேர்ந்தவர்கள் சில வேளை ஓர் ஆட்டை வேண்டுமென்றே வெட்டக் கொடுத்துப் புலியை மூலைக்கு இழுப்பார்கள். புதியவர்கள் அம்முறையைச் சிறிது காலம் தள்ளிவைப்பது நலம்.

நான்காவது குறிப்பு ஆடுகள் நகரத் தொடங்கும் வேளைக்குரியது. பதினைந்து ஆடுகளும் உயிருடன் இறங்கியிருந்தால், புலிகள் மூன்றையும் சேர்த்துப் பதினெட்டுப் புள்ளிகள் நிரம்பி, ஐந்தே வெற்றிடங்கள் எஞ்சும். ஓர் ஆடு வெட்டுண்டால் வெற்றிடம் ஒன்று கூடும். புலிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். எனவே ஒவ்வோர் ஆடும் அருமையானது. நகர்த்தும்போது ஆடு சென்று சேரும் புள்ளியை மட்டும் பார்த்தால் போதாது. அது விட்டுச் செல்லும் புள்ளியையும் பார்க்க வேண்டும். பல ஆடுகள் தம் பிழையால் வெட்டுண்பதில்லை. பக்கத்தில் நின்ற துணை விலகியதால் வெட்டுண்கின்றன.

புலிகளை ஆடுவோர்க்கும் சில சொல்வோம். கையில் வலிமை இருப்பதால் புலிக்காரர்க்கு அவசரம் மிகுதி. அவ்வவசரமே அவர்க்குப் பகை. கண்ணில் பட்ட ஆட்டையெல்லாம் வெட்டத் தாவும் புலி, தாவிய இடத்திலேயே சிறைப்படக் கூடும். வெட்டுமுன், தாவிச் சேரும் இடத்திலிருந்து மீள வழி உண்டா என்று நோக்குக. புலிகளை நெருக்கமாக நிறுத்தாதீர்கள். ஒரு புலி மற்றொன்றின் வழியை மறித்து ஆடுகளின் வேலையைத் தானே செய்துவிடும். களத்தின் நடுப்பகுதியை விட்டு நீங்காதிருப்பது நன்று. ஒரே வேளையில் இரண்டு ஆடுகளை அச்சுறுத்தும் புள்ளியைத் தேடுங்கள். ஆட்டுக்காரர் ஒரு முறையில் ஒன்றைத்தான் காக்க இயலும். மற்றொன்று நமக்குக் கிட்டும். ஆடுகள் நகர முடியாத தொடக்கக் காலமே புலியின் அறுவடைக் காலம் என்பதையும் மறவாதீர்கள்.

இவ்வாட்டம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் ஆடு ஹுலி ஆட்டம் என்றும், தெலுங்கில் புலிஜூதம் என்றும் இது வழங்குகிறது. தென்னாட்டுப் பழங்கோயில்கள் பலவற்றின் கல்தளங்களில் ஆட்டக் கோடுகள் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். நேபாளத்தில் பாக் சால் என்னும் இதன் உறவினர் ஆட்டம் உண்டு. அங்கே 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். இரு தரப்பினரும் பிழையின்றி ஆடினால் அவ்வாட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும் என்று கணிப்பொறியின் துணையால் ஆராய்ந்தவர்கள் கண்டுள்ளனர். பார்வைக்கு ஏற்றத்தாழ்வாகத் தோன்றும் போரில் அத்துணைச் சமநிலை ஒளிந்திருப்பது வியப்பன்றோ? தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் தங்கவயலில், மொழி தெரியாத அண்டை வீட்டாருடனும் இவ்வாட்டத்தை ஆடலாம். வேற்று மாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இஃது ஒரு பெரிய வசதி.

2001ஆம் ஆண்டில் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் மாரிகுப்பத்து மக்களுள் பலருக்கு வேலை பெங்களூரில்தான். விடியுமுன் ரயிலேறிச் சென்று, இருட்டிய பின்னரே வீடு திரும்புகிறார்கள். திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளைக்கு ஆட்டைப் புலியிடமிருந்து காக்கக் கற்பிக்கும் நேரம் சுருங்கிவிட்டது. மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் நிலையும் ஏறக்குறைய இதுவே. இவ்வாட்டம் பெரும்பாலும் ஏட்டைப் பார்த்துக் கற்றதன்று. ஒருவர் எதிரே ஒருவர் அமர்ந்து, கையிலிருந்து கைக்கு வந்தது. எதிரே அமர ஆளில்லாமற் போனால் கோடுகள் மட்டுமே எஞ்சும். நமக்குக் கற்பித்த முதியவர் இன்று இல்லை. ஆனால் அவர் சொல், நாம் ஒவ்வோர் ஆட்டை எடுக்கும்போதும் காதில் விழுகிறது.

ஆகவே வரும் விடுமுறை நாளில் ஒரு தாளிலோ தரையிலோ 23 புள்ளிகளை வரையுங்கள். புளியங்கொட்டை கிட்டாவிடில் சட்டைப் பொத்தான்களும் ஆடுகளாகும். முதல் ஆட்டத்தில் குழந்தைக்குப் புலியைக் கொடுங்கள்; வெட்டி மகிழட்டும். இரண்டாம் ஆட்டத்தில் ஆடுகளைக் கொடுங்கள். அது முதல் ஆட்டைப் புலியின் எதிரே வைக்கும்போது வெட்டிவிட்டு, முன்னால் வைக்குமுன் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். மற்றதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.