எடை குறைக்க உதவும் எக்செல்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்செல் பக்கமே போவதில்லை. ஆபீஸ் கணக்கு வழக்குக்குத்தானே அது என்று விட்டு விடுகிறார்கள். ஆனால் உடல் எடையைக் குறைக்க நினைப்பவருக்கு அது நல்ல துணை. உங்களிடம் எக்செல் இல்லையா? கவலை வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் போதும். இங்கே சொல்லும் ஃபார்முலாக்கள் இரண்டிலும் வேலை செய்யும்.

எந்தத் திட்டம் நல்லது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 160 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, நான்கு பிரபலமான டயட்களை ஓராண்டு பின்பற்றச் சொன்னார்கள். 2005-ல் முடிவு வெளியானது. சராசரியாகக் குறைந்த எடை 2.1 கிலோவிலிருந்து 3.3 கிலோ வரைதான். டயட்டுக்கு டயட் பெரிய வித்தியாசம் இல்லை. சொன்னபடி கடைப்பிடித்தவர்களுக்கே, எந்த டயட்டாக இருந்தாலும், அதிகம் குறைந்தது. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை வைத்துச் செய்த ஆய்விலும், கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எடை குறைந்தது.

ஆகவே "எது சிறந்தது?" என்று கேட்காதீர்கள். "எதை என்னால் ஒரு வருடம் செய்ய முடியும்?" என்று கேளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதோடு அது ஒத்துப் போகிறதா? மாதச் செலவு தாங்குமா? வாரத்துக்கு அரை கிலோ குறைவதே பாதுகாப்பானது என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பத்து நாளில் பத்து கிலோ என்று வரும் விளம்பரங்களை அப்படியே விட்டு விடுங்கள். சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து பொரியலைக் கூட்டுவது, டீ காபிக்கு சர்க்கரையை நிறுத்துவது, தினம் அரை மணி நேரம் நடப்பது என்று மூன்றே விதிகள் இருந்தால் கூட அதுவும் ஒரு திட்டம்தான்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

எடை ஏன் குதிக்கிறது?

பலர் திட்டத்தைக் கைவிடுவது முதல் வாரத்திலேயே. ஒரு நாள் கல்யாண விருந்து. மறுநாள் எடை மெஷினில் 1.2 கிலோ கூடுதல். "பட்டினி கிடந்தும் ஏறுகிறதே" என்று வெறுத்துப் போய் விட்டு விடுகிறார்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. 1.2 கிலோ கொழுப்பு சேர, செலவழித்தது போக 9,000 கலோரிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். ஒரு பந்தியில் அது நடக்கிற காரியமில்லை. ஏறியதில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர், இன்னும் செரிக்காத உணவு. இரண்டொரு நாளில் இறங்கி விடும்.

இந்த ஏற்ற இறக்கத்தை வடிகட்டி உண்மையான போக்கைக் காட்டுவதுதான் நம் ஒர்க்ஷீட்டின் வேலை. ஆட்டோகேட் மென்பொருளைத் தந்த ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர், தன் "ஹேக்கர்ஸ் டயட்" புத்தகத்தில் பயன்படுத்திய முறை இது.

ஒர்க்ஷீட் தயாரிக்கலாமா?

1. புதிய ஃபைலைத் திறந்து முதல் வரியில் ஏ1 செல்லில் தேதி, பி1-ல் எடை, சி1-ல் போக்கு, டி1-ல் கடைப்பிடித்தேன் என்று தலைப்பு கொடுங்கள்.

2. தினமும் காலையில் கழிப்பறை போய் வந்த பிறகு, காபிக்கு முன் எடை பார்த்து பி பத்தியில் டைப் செய்யுங்கள்.

3. சி2 செல்லில் =பி2 என்று கொடுங்கள்.

4. சி3 செல்லில் =சி2+(பி3-சி2)/10 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். செல் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும்.

5. அடுத்த நாள் சி3 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து ஒரு வரி கீழே இழுங்கள். ஃபார்முலா தானாக மாறிக் கொள்ளும். தினமும் இதே போல, முந்தைய நாள் செல்லிலிருந்து ஒரு வரி மட்டும் இழுங்கள். எடை இல்லாத வரிக்கு இழுத்தால் காலி செல்லைப் பூஜ்யமாக எடுத்துக் கொண்டு, ஒரே நாளில் 8 கிலோ குறைந்ததாகக் காட்டி விடும்! எடை பார்க்காத நாளுக்கு வரியே வேண்டாம்.

6. டி பத்தியில், திட்டப்படி நடந்த நாளுக்கு 1, நடக்காத நாளுக்கு 0 போடுங்கள்.

ஒரு உதாரணம் பாருங்கள்:

முதல் நாள்: எடை 82.0, போக்கு 82.00
2-ம் நாள்: எடை 81.4, போக்கு 81.94
3-ம் நாள்: எடை 81.0, போக்கு 81.85
4-ம் நாள் (விருந்துக்கு மறுநாள்): எடை 82.2, போக்கு 81.88
5-ம் நாள்: எடை 81.3, போக்கு 81.82

மெஷின் 1.2 கிலோ ஏறியதாகச் சொன்ன அன்று போக்கு ஏறியது 35 கிராம் மட்டுமே. மூன்று பத்திகளையும் செலக்ட் செய்து இன்சர்ட் பகுதியில் லைன் சார்ட் போட்டால் இது கண்ணுக்கே தெரியும். எடைக்கோடு மேலும் கீழும் குதிக்கும். போக்குக்கோடு நிதானமாக இறங்கும்.

நான்கு வாரம் கழித்து

போக்கு சற்றுத் தாமதமாகத்தான் நகரும். அதனால் 28 நாள் முடியும் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். பிறகு இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, போக்கு எவ்வளவு இறங்கியது. இரண்டு, டி பத்தியின் கூட்டுத்தொகை. பத்தியின் கீழே உள்ள காலி செல்லில் ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் கூட்டல் வந்து விடும்.

போக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை இறங்கியிருந்தால் திட்டத்தில் கை வைக்காதீர்கள். இறங்கவில்லை, ஆனால் 28-க்கு 25 நாள் கடைப்பிடித்திருக்கிறீர்கள் என்றால் திட்டம் போதவில்லை. ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். மென்பொருளில் பிழை தேடும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கடைப்பிடித்ததே 10 நாள்தான் என்றால் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அது உங்களுக்குக் கடினமாக இருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் கடுமையான டயட்டைத் தேடிப் போகாமல், இருப்பதை எளிதாக்குங்கள். மூன்று விதியை இரண்டாக்கினாலும் பரவாயில்லை.

ஃபைலை சேவ் செய்ய மறக்காதீர்கள். கண்ட்ரோல் கீயுடன் எஸ் அழுத்தினால் போதும். வாரம் ஒரு முறை பென் டிரைவிலும் ஒரு காப்பி வைத்துக் கொள்ளுங்கள்.