உங்களுக்குத் தெரியுமா? ‘ரிக்’ பிறந்தது கடலில்!

சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ‘ரிக்’ என்றால் போர்வெல் வண்டிதான். ஒரு லாரியில் துளை போடும் இயந்திரம், கூடவே வரும் இன்னொரு லாரியில் கம்ப்ரஸர். காற்றழுத்தத்தில் இயங்கும் சுத்தியல் பாறையை நொறுக்க, அதே காற்று தூளை மேலே தள்ளும். கட்டணம் அடிக்கணக்கில்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் பாய்மரக் கப்பலுக்கானது. கயிறும் பாயும் பூட்டுவதைக் குறித்தது. பிறகுதான் எண்ணெய்க் கிணறு தோண்டும் அமைப்புக்கு வந்தது. அமெரிக்காவில் பெரிய லாரியும் ‘ரிக்’. (தேர்தல் தில்லுமுல்லுக்கும் இதே ஒலிதான், அகராதிகள் அதைத் தனிச்சொல்லாகப் பதிகின்றன.) சீன மொழியில் கப்பல் கயிறு, துளைக்கருவி, லாரி மூன்றுக்கும் வெவ்வேறு சொற்கள், ஆங்கிலம் படிக்கும் சீனர்கள் இடம் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். லாரியும் துளைக்கருவியும் ஒன்றாகிவிட்ட நம்மூரில் அந்தக் குழப்பமே கிடையாது.